இத்தாலிய வினைச்சொற்கள்: 21 காலமும் மனப்பாடம், வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை

#1 · சேலத்து_நிலா

வணக்கம். செப்டம்பரில் முதுகலை படிக்க தூரின் போகிறேன். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனாலும் அந்த ஊரில் இரண்டு வருஷம் ஊமையாக இருக்க முடியாது என்று ஐந்து மாதமாக இத்தாலியன் படிக்கிறேன். வினைச்சொல் அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன வாரம் வாடகை அறைக்காக ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் போனில் பேசினேன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். நிகழ்காலமா, எதிர்காலமா, எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று மனசுக்குள் சுவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் இரண்டு முறை “ப்ரோன்தொ? ப்ரோன்தொ?” (ஹலோ? ஹலோ?) என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். இந்த 21இல் எத்தனை நிஜமாகவே வேண்டும்? கொன்ஜுன்தீவொ எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ்ஸாத்தொ ரெமோத்தொ என்ற இறந்தகாலத்தை விட்டுவிடலாமா?

#2 · எக்செல்_எழில்

நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன், அப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வினை வடிவம் 7: இந்திக்கத்தீவொ (சாதாரணமாகச் சொல்வது), கொன்ஜுன்தீவொ (விருப்பம், சந்தேகம்), கொந்தித்ஸியொனாலெ (‘இப்படி இருந்தால் செய்வேன்’), இம்பெரத்தீவொ (ஏவல்), பிறகு ஆள் காட்டாத மூன்று. இவற்றுக்குள் 21 காலம். ஆறு ஆளுக்கும் விரித்தால் ஒரு வினைக்கு 95 கட்டம் வருகிறது. ஏவலுக்கு ‘நான்’ கிடையாது, அதனால் அங்கே ஐந்துதான்.

95ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் 44 கட்டம் கூட்டுக் காலங்கள், அதாவது அவேரெ அல்லது எஸ்ஸெரெ என்ற துணைவினையோடு ஒரே ஒரு எச்ச வடிவம். பர்லாரெ (பேசு) என்றால் பர்லாத்தொ. ‘ஓ பர்லாத்தொ’ பேசியிருக்கிறேன், ‘அவேவொ பர்லாத்தொ’ பேசியிருந்தேன், ‘அவ்ரோ பர்லாத்தொ’ பேசியிருப்பேன். பின்பாதி அசையாது. துணைவினைகள் இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டால் எந்த வினைக்கும் 44 கட்டம் இலவசம்.

மீதி 51. அதிலும் எதிர்காலமும் கொந்தித்ஸியொனாலெயும் ஒரே அடிச்சொல்லில் நிற்கின்றன. போ என்பதற்கு அந்த்ரோ (போவேன்), அந்த்ரேய் (போவேனே, போகலாமே என்ற தொனி). வா என்பதற்கு வெர்ரோ, வெர்ரேய். ஒன்றின் அடியைப் பிடித்தால் இன்னொன்று கூடவே வரும்.

#3 · மிலான்_முத்து

பதினோரு வருஷமாக மிலானில் இருக்கிறேன், சமையலறையில் ஆரம்பித்து இப்போது அலுவலகத்தில். என் வாய் தினசரி தொடுவது நிகழ்காலம், பஸ்ஸாத்தொ ப்ரொஸ்ஸிமொ (‘ஓ பர்லாத்தொ’ மாதிரி இறந்தகாலம்), இம்பெர்ஃபெத்தொ (வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்), ஏவல், பிறகு வொர்ரேய் (‘எனக்கு வேண்டும்’ என்பதன் பணிவான வடிவம்). எதிர்காலம்கூட அவ்வளவு தேவைப்படாது. நாளைக்கு வருகிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிற மாதிரியே அவர்களும் ‘தொமானி வேங்கொ’ என்கிறார்கள்.

நிலா, அந்த அம்மா கேட்டதற்கு நிகழ்காலத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். ‘அர்ரீவொ அ ஸெத்தேம்ப்ரெ’, செப்டம்பரில் வருகிறேன். கதை முடிந்தது.

ரெமோத்தொவை விட்டுவிடு. மிலானில் அதைப் பேச்சில் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

#4 · பலெர்மோ_ரதி

முத்து அண்ணா, மிலானை வைச்சு முழு இத்தாலிக்கும் தீர்ப்பு எழுதாதேங்கோ :)

நான் பலெர்மோவில் இருபது வருசம். வந்த புதிசில ஒரு வயோதிப அம்மாவைப் பார்க்கிற வேலை. நான் காலமை போனவுடனே அவ கேட்கிற முதல் கேள்வி “மஞ்சாஸ்தி?” சாப்பிட்டியா என்று. பாடப்புத்தகத்தின்படி அது ‘ஆய் மஞ்சாத்தொ?’ என்றுதான் இருக்க வேணும், ஏனென்றால் நான் சாப்பிட்டது அரை மணித்தியாலம் முந்தி. ஆனால் சிசிலியில் அரை மணித்தியாலம் முந்தி நடந்ததுக்கும் ரெமோத்தொதான். வடக்கில் எல்லாம் ப்ரொஸ்ஸிமொ. ஃபிரென்ஸெ (ஃப்ளாரன்ஸ்) பக்கம், தொஸ்கானாவில்தான் இரண்டையும் வேறுபடுத்திக் கதைப்பினம்: இண்டைக்கோடு தொடர்பு இருந்தால் ஒன்று, முடிஞ்சு போன கதை என்றால் மற்றது.

இதுக்குள்ள ஒரு பகிடி. ‘நான் சாப்பிட்டேன்’ என்பது ரெமோத்தொவில் ‘மஞ்சாய்’. நான் பேசினேன் ‘பர்லாய்’. நான் போனேன் ‘அந்தாய்’. எங்கட காதுக்கு ஆய் விகுதி என்றால் முன்னிலை! அந்த அம்மா “மஞ்சாய், மஞ்சாய்” என்று தன்ர வயிற்றைத் தடவிச் சொல்லேக்க, நான் இரண்டு மாசம் “இல்லை அம்மா, நான் இன்னும் இல்லை” என்று பதில் சொல்லியிருக்கிறன். அவவும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சாப்பாடு போட்டுத் தந்தவ.

#5 · சேலத்து_நிலா

ரதி அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சந்தேகம் கூடிவிட்டது. தூரின் வடக்குதானே, அப்போ விட்டுவிடலாம் இல்லையா?

#6 · பலெர்மோ_ரதி

கதைக்கத் தேவையில்லை, வாசிக்கத் தேவை. எந்தச் சுவர்ப் பலகையிலும், அருங்காட்சியகத்திலும், பிள்ளைகளின் கதைப் புத்தகத்திலும் அதுதான் இருக்கும். கவிஞர் தாந்தெ 1265இல் ஃபிரென்ஸெயில் பிறந்தார் என்றால் ‘நக்குவெ’. 1321இல் ரவென்னாவில் இறந்தார் என்றால் ‘மொரீ’. இங்க மொன்தெ பெல்லெக்ரீனொ மலையில் சாந்த ரொஸலீயா என்ற புனிதையின் குகைக்கோயில் இருக்கு. எங்கட சனம் நிறைய ஏறுவினம், சைவக்காரரும்தான். 1624இல் கொள்ளைநோய் நேரம் அவவின் எலும்புகளைக் கண்டெடுத்த கதையை அங்க ‘த்ரொவாரொனொ’ (கண்டெடுத்தார்கள்) என்றுதான் சொல்லுவினம். கேட்டு விளங்க வேணும்.

ஒழுங்கில்லாத வினைகளுக்கு ஒரு வழி சொல்றன். ஆறில் மூன்று மட்டும்தான் குழப்படி: நான், அவன்/அவள், அவர்கள். எடு என்பதைப் பாருங்கோ. ப்ரேஸி, ப்ரெந்தேஸ்தி, ப்ரேஸெ, ப்ரெந்தெம்மொ, ப்ரெந்தேஸ்தெ, ப்ரேஸெரொ. முதலாவது, மூன்றாவது, ஆறாவது மட்டும் உருமாறுது. மற்ற மூன்றும் நல்ல பிள்ளைகள். ‘ப்ரேஸி’ ஒன்றைப் பாடமாக்கினால் காணும், மற்றதெல்லாம் கட்டி எழுப்பலாம். கிட்டத்தட்ட எல்லா ஒழுங்கில்லாத வினைக்கும் இதே தாளம். எஸ்ஸெரெ மாதிரி ஒன்றிரண்டுதான் விலக்கு.

#7 · புலவர்_பேரன்

தாமதமாக வருகிறேன். அட்டவணையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், ஒரு வேறு கோணம் சொல்கிறேன். நாம் எல்லோரும் இத்தாலியனை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். பாதிக் கஷ்டம் அங்கேதான் வருகிறது. தமிழ் வழியாக உள்ளே போனால் பல கதவு ஏற்கனவே திறந்து கிடக்கிறது.

எடுப்பிலேயே பாருங்கள், ‘நான்’ என்று சொல்லாமல் ‘வந்தேன்’ என்று நிறுத்துகிறோம். விகுதியே ஆளைக் காட்டிவிடும். அவர்களுக்கும் அப்படியே: வேங்கொ என்றால் வருகிறேன், ‘ஈயொ’ தேவையில்லை. ஆங்கிலம் படித்த பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஈயொ ஈயொ என்று போட்டால் ‘நான்தான், நான்தான்’ என்று மார்தட்டுவது போல இருக்கும்.

பிடிக்கும் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய். தமிழில் ‘எனக்கு’. இத்தாலியனில் ‘மி பியாச்செ’, எனக்குப் பிடிக்கும்! பொருள் பன்மையானால் வினையும் பன்மை, ‘மி பியச்சொனொ’. ஆங்கிலேயர் இதற்குத் தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள். நமக்கு ஒரு நிமிஷ வேலை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மணி என்ன இருக்கும் என்று கேட்டால் கைக்கடிகாரம் இல்லாதவன் என்ன சொல்வான்? ‘எட்டு மணி இருக்கும்.’ எதிர்கால வடிவம், ஆனால் எதிர்காலமே இல்லை, ஊகம். இத்தாலியனிலும் ‘ஸரன்னொ லெ ஒத்தொ’, அச்சு அசலாக எட்டு மணி இருக்கும். அவன் எங்கே? ‘ஸரா அ காஸ’, வீட்டில் இருப்பான். இந்நேரம் வந்திருப்பான்? ‘ஸரா ஜா அர்ரிவாத்தொ.’ இந்தக் கடைசிக் காலத்துக்குப் பெயர் ஃபுத்தூரொ அந்தெரியோரெ. புத்தகத்தில் அரைப் பக்கம் விளக்குகிறார்கள். ‘வந்திருப்பான்’ என்ற ஒரே சொல் போதும் நமக்கு.

பத்திரிகைக்காரர்களின் கொந்தித்ஸியொனாலெ இன்னொன்று. அமைச்சர் இப்படிச் சொன்னதாகத் தகவல், ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்றால் ‘அவ்ரெப்பெ தெத்தொ’ என்று எழுதுவார்கள். நம் ஊர்த் திண்ணையில் இதற்கு ஒரு எழுத்து: சொன்னார் – சொன்னாராம். (அந்த ‘ப்ப’வை வல்லோசையாகப் படிக்காதீர்கள். ‘பம்பரம்’ சொல்லும்போது ம்-க்குப் பின்னால் வரும் ப-வை இரட்டியுங்கள். நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.)

கொன்ஜுன்தீவொ நமக்கு அந்நியம் என்கிறார்கள், முழுக்க அப்படி இல்லை. ‘வீவ!’ என்பது என்ன? வாழ்க! நம் வியங்கோள் வினைமுற்று. ‘கெ வேங்க!’ என்றால் வரட்டும்! விருப்பம், வாழ்த்து, இன்னும் நிஜமாகாத ஒன்று. அந்த மண்தான் கொன்ஜுன்தீவொவின் பிறந்த வீடு.

#8 · மிலான்_முத்து

புலவர் ஐயா சொல்வது கேட்க இனிக்கிறது. ஆனால் தமிழ் வழியில் போய்ப் பள்ளத்தில் விழுந்தவன் நான். இரண்டு சொல்கிறேன்.

சமையலறையில் ஷெஃப் கூப்பிட்டார். கை வேலையாக இருந்தது. நம் ஊரில் என்ன சொல்வோம்? ‘இதோ வந்துட்டேன்!’ நானும் “ஸோனொ அர்ரிவாத்தொ!” என்றேன். அவர் திரும்பிப் பார்க்கிறார், ஆள் இல்லை. “எங்கே வந்துவிட்டாய்?” என்று சத்தம். அங்கே சொல்ல வேண்டியது நிகழ்காலம், ‘அர்ரீவொ!’ நாம் இறந்தகாலத்தில் அவசரம் காட்டுகிறோம், அவர்கள் நிகழ்காலத்தில் காட்டுகிறார்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். சின்ன வயதில் ஆற்றுக்குப் போவோம், மீன் பிடிப்போம். இது தமிழில் எதிர்கால வடிவம்தானே? பழைய கதை சொல்லும்போது என் வாயில் ‘அந்த்ரேமொ’ வந்தது. கேட்டவர்கள் நாளைக்கு மீன் பிடிக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தார்கள். வர வேண்டியது இம்பெர்ஃபெத்தொ, ‘அந்தவாமொ அல் ஃபியூமெ’. வழக்கமாக நடந்தது, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது, அப்போது எனக்கு எத்தனை வயது, வெயிலா மழையா, எல்லாம் இம்பெர்ஃபெத்தொ. நடுவில் ஒரு நாள் ஒருவன் ஆற்றில் விழுந்தான் என்றால் அது மட்டும் ப்ரொஸ்ஸிமொ. படம் எடுக்கும்போது பின்புலத் திரையை இம்பெர்ஃபெத்தொவில் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஆட்களை ப்ரொஸ்ஸிமொவில் நடக்கவிடு என்று ஒரு டீச்சர் சொன்னார். அதற்குப் பிறகு நான் தப்பு செய்யவில்லை. கொஞ்சம்தான் செய்கிறேன்.

#9 · புலவர்_பேரன்

ஒப்புக்கொள்கிறேன். ‘போவோம்’ எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல அடி. இன்னொரு பள்ளத்தை நானே காட்டிவிடுகிறேன். ‘வந்திருப்பான்’ ஊகத்துக்கும் வரும், நடக்காததற்கும் வரும். ‘கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான்.’ நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு இரண்டு. ஊகம் ‘ஸரா வெனூத்தொ’, நடக்காதது ‘ஸரெப்பெ வெனூத்தொ’.

#10 · எக்செல்_எழில்

ஒரு சின்னக் குறுக்கீடு, உச்சரிப்பு. தமிழில் எழுதும்போது என் வழக்கம்: அழுத்தம் விழுகிற இடத்தில் நெடில். பின்னால் உண்மையான இரட்டை மெய் வந்தால் மட்டும் குறில். அதனால் பார்லொ என்றால் பேசுகிறேன், பர்லோ என்றால் அவன் பேசினான். ஒரு அழுத்தம் இடம் மாறினால் ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதை நம்மவர்கள் பர்லானொ என்று நடுவில் இழுப்பார்கள். சரியானது பார்லனொ, முதல் அசையில்.

பிறகு பர்லேரேமொ, பர்லெரேமொ என்றெல்லாம் ஆளுக்கு ஆள் எழுதுகிறார்கள். பேசுவோம் என்பது பர்லெரேமொ. பேசுவோமே (வாய்ப்பிருந்தால்) என்பது பர்லெரெம்மொ. வித்தியாசம் ஒரு ‘ம்’ மட்டும். மற்ற நாட்டு மாணவர்கள் இதைக் காதில் பிரிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கனி, கன்னி என்று வளர்ந்த நமக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் தகரம் பகரம் வந்தால் நம் எழுத்து காலை வாரிவிடும். அவர்கள் நாட்டுப் பெயரிலேயே ஒரே ‘த’தான், நாம் இத்தாலி என்று இரட்டிக்கிறோம்.

#11 · புலவர்_பேரன்

எழில், எ-ஏ, ஒ-ஓ என்று நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து எழுத முடிவதற்கே ஓர் இத்தாலியருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பார்கள். கொம்பும் காலும் சேர்த்துக் குறில் நெடிலைப் பிரித்தவர் என்று பள்ளியில் படித்தோமே, வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியில் கஸ்திலியோனெ தெல்லெ ஸ்திவியேரெயில் பிறந்தவர், கொஸ்தான்ஸோ பெஸ்கி. மனிதர் நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவருக்கு யாரும் சுவரில் ஒட்ட அட்டவணை தந்திருக்க மாட்டார்கள். வந்தேன், வருவேன், வந்திருப்பேன் எல்லாவற்றையும் தானே கேட்டுத் தானே வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். நம் ‘போவோம்’ அவரை என்ன பாடு படுத்தியதோ.

#12 · சேலத்து_நிலா

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது. என் கொன்ஜுன்தீவொ இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது. ‘க்ரேதொ கெ ஏ’ என்று எழுதினேன், செயலி சிவப்பு காட்டுகிறது. ‘ஸொ கெ ஏ’ என்றால் பச்சை. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது?

#13 · பலெர்மோ_ரதி

தங்கச்சி, ‘ஸொ’ என்றால் எனக்குத் தெரியும். தெரிஞ்ச விசயம் நிலத்தில் நிக்குது, அதனால் சாதாரண ‘ஏ’ (இருக்கு). ‘க்ரேதொ’ என்றால் நினைக்கிறன், நம்புறன். அது உன்ர தலைக்குள்ள இருக்கு, வெளியில் இருக்கா என்று நீ சத்தியம் பண்ணேல்லை. அதனால் ‘ஸீய’. க்ரேதொ கெ ஸீய. விரும்புறன், பயப்படுறன், சந்தேகப்படுறன், சந்தோசம், துக்கம் எல்லாம் இதே கணக்கு. ‘வேண்டும்’ என்றால் கட்டாயம்: வோல்யொ கெ து வேங்க, நீ வர வேணும்.

என்ர மகள் இங்க பிறந்தவ. ஆரம்பப் பள்ளியில் ‘கெ ஈயொ ஸீய, கெ து ஸீய, கெ எல்யி ஸீய’ என்று ‘கெ’ போட்டுத்தான் பாட்டு மாதிரிப் படிச்சவ. நல்ல முறை. ஒருமை மூன்றும் ஒரே வடிவம், அதனால் இங்க மட்டும் ‘ஈயொ, து’ போட்டாத்தான் ஆர் என்று விளங்கும்.

இனி களவான வழி ஒன்று. கொன்ஜுன்தீவொ வாயில் வராட்டி ‘ஸெகோந்தொ மே’ என்று தொடங்கு. என்னைக் கேட்டால் என்று அர்த்தம். அதுக்குப் பிறகு சாதாரண ‘ஏ’ போடலாம், ஒரு பிழையும் இல்லை. நான் முதல் ஐந்து வருசம் இந்த ஒரு சொல்லில் காலம் தள்ளினன். மற்றது, நினைக்கிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள் என்றால் கொன்ஜுன்தீவொவே வேண்டாம். ‘பேன்ஸொ தி வெனீரெ’, வரலாம் என்று நினைக்கிறன்.

#14 · மிலான்_முத்து

ரதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொன்ஜுன்தீவொ தெரியாமலே நீ தினமும் அதைப் பேசப்போகிறாய். மரியாதை ஏவல் முழுக்க அதுதான். நண்பனிடம் ‘ஸ்கூஸ’, பெரியவரிடம் ‘ஸ்கூஸி’. நண்பனிடம் ‘ஸேன்தி’, பெரியவரிடம் ‘ஸேன்த’. கவனித்தாயா, ஒன்றில் ‘இ’ மரியாதை, இன்னொன்றில் ‘இ’ மரியாதைக் குறைவு. ஆரெயில் முடியும் வினைக்கு ஒரு பக்கம், எரெ, ஈரெயில் முடிபவைக்கு மறுபக்கம்.

எனக்கு இது தெரிந்தது ஒரு அரசு அலுவலக வரிசையில். ஸ்கூஸி என்றால் மரியாதை, அப்போ ‘இ’ போட்டால் மரியாதை என்று நானே ஒரு விதி செய்துகொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நரைத்த தலை அம்மாவிடம் “ஸேன்தி” என்றேன். அதாவது, ‘ஏ, இங்கே கேளு.’ அவர் பேனாவை மேஜையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து “வேங்க, வேங்க” என்றார். வாருங்கள் என்று. அந்த ‘அ’வை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

#15 · கும்பகோணம்_டிகாஷன்

இழையைப் பின்தொடர்கிறேன். எனக்கு ஒரு கேள்வி: வந்திருந்தால், வந்தால் இந்த விவகாரம்? ‘ஸெ’வுக்கு (நம் ‘ஆல்’) பின்னால் என்ன போடுவது என்று ஒவ்வொரு முறையும் தப்பு விடுகிறேன்.

#16 · எக்செல்_எழில்

மூன்று படி.

நடக்கக்கூடியது: மழை பெய்தால் வீட்டில் இருப்பேன். இரண்டு பக்கமும் சாதாரணக் காலம். ஸெ பியோவெ, ரேஸ்தொ அ காஸ.

கற்பனை: பணம் இருந்தால் (இல்லை, ஆனால் இருந்தால்) ஒரு வீடு வாங்குவேன். ஸெ அவெஸ்ஸி ஸோல்தி, கொம்ப்ரெரேய் உன காஸ. ‘ஸெ’ பக்கம் கொன்ஜுன்தீவொ இம்பெர்ஃபெத்தொ, மறுபக்கம் கொந்தித்ஸியொனாலெ.

கை நழுவியது: தெரிந்திருந்தால் வந்திருப்பேன். ஸெ அவெஸ்ஸி ஸப்பூத்தொ, ஸரேய் வெனூத்தொ.

தமிழில் முதல் இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’தான், தொனியில் பிரிக்கிறோம். அதனால்தான் இரண்டாவதில் எல்லோரும் வழுக்குகிறோம். ‘ஸெ அவ்ரேய்’ என்று ‘ஸெ’வோடு கொந்தித்ஸியொனாலெயைக் கட்டிவிடாதீர்கள். இத்தாலியக் குழந்தைகளே அந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்குவார்கள்.

#17 · மிலான்_முத்து

மூன்றாவது படிக்குப் பேச்சில் ஒரு குறுக்குவழி உண்டு. ‘ஸெ லொ ஸப்பேவொ, வெனீவொ.’ இரண்டு பக்கமும் இம்பெர்ஃபெத்தொ. மிலானில் என் சக ஊழியர்கள் காபி மெஷின் பக்கத்தில் இப்படித்தான் பேசுகிறார்கள். மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம்.

#18 · புலவர்_பேரன்

அதெல்லாம் கொச்சை, முத்து. புதிதாகப் படிக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஃபிரென்ஸெயில் 1583இலிருந்து ஒரு அகாடமி இருக்கிறது, க்ரூஸ்க. பெயருக்கு அர்த்தம் தவிடு. மொழி என்ற மாவைச் சலித்துத் தவிட்டை ஒதுக்குவது வேலை. அவர்கள் இருக்கும் நாட்டில் இப்படியா?

#19 · பலெர்மோ_ரதி

ஐயா, நீங்கள் வீட்டில் ‘வந்துகொண்டிருக்கின்றேன்’ என்றோ கதைக்கிறனீங்கள்? :) அந்த ‘ஸப்பேவொ’ வடிவம் நேற்று முளைச்சது இல்லை, படிச்ச சனமும் கதைக்குது. நிலா சொல்லாட்டிலும் பரவாயில்லை, சொல்லுறதைக் கேட்டால் விளங்க வேணும். இல்லாட்டி ‘தெரிந்துகொண்டிருந்தேன், வந்துகொண்டிருந்தேன்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு முழிச்சுக்கொண்டு நிற்பா.

#20 · புலவர்_பேரன்

‘வந்துகொண்டிருக்கின்றேன்’ என்று என் தாத்தாதான் பேசுவார். சரி, தோற்றேன். கேட்க மட்டும்.

#21 · சேலத்து_நிலா

எஸ்ஸெரெயா அவேரெயா என்பதை யாரும் தொடவில்லை. நகர்ந்தால் எஸ்ஸெரெ என்று புத்தகம் சொல்கிறது. நேற்று ‘ஸோனொ கம்மினாத்த’ (நடந்தேன்) என்று எழுதினேன், அதற்கும் சிவப்பு.

#22 · எக்செல்_எழில்

‘நகர்ந்தால்’ என்பது அரைகுறை விதி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் சேர்ந்தாயா, அல்லது உன் நிலை மாறியதா என்று பார். போ, வா, கிளம்பு, பிற, இற, ஆகு: எஸ்ஸெரெ. நடந்தது, நீந்தியது, பயணம் செய்தது எல்லாம் செயல் மட்டும், எங்கே சேர்ந்தாய் என்ற பேச்சில்லை: அவேரெ. ஓ கம்மினாத்தொ. ஓடு என்பது இரண்டு பக்கமும் தாவும். ஒரு மணி நேரம் ஓடினேன் ‘ஓ கோர்ஸொ’, வீட்டுக்கு ஓடினேன் ‘ஸோனொ கோர்ஸ அ காஸ’. தன்னைத் தானே செய்துகொள்ளும் வினைகள் (எழுந்துகொண்டேன், குளித்துக்கொண்டேன்) மொத்தமும் எஸ்ஸெரெ. மி ஸோனொ அல்த்ஸாத்த.

எஸ்ஸெரெ வந்தால் ஆண் பெண் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னால் அந்தாத்த, நான் சொன்னால் அந்தாத்தொ. போனான், போனாள் என்று சொல்லும் நமக்கு இது பழக்கம்தான், ஆனால் ‘நான்’ சொல்லும்போதும் பார்க்க வேண்டும் என்பதுதான் புதுசு. நான் ஒரு பெண் டீச்சரிடம் படித்தேன். ஆறு மாதம் அவர் சொன்னபடியே ‘ஸோனொ அந்தாத்த’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் திருத்தவில்லை, நல்ல ஜனங்கள்.

#23 · பலெர்மோ_ரதி

நிலா, உனக்கு நேர எல்லை இருக்கிறதால் ஒன்று சொல்றன். சுவரில் இருக்கிற அட்டவணையைக் கழட்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வினை எடு. அன்றைக்கு நீ உண்மையாகச் செய்ததை வைத்து ஐந்து வசனம் வாய்விட்டுச் சொல்லு: நேற்று, வழக்கமாக, நாளைக்கு, முடிந்திருந்தால், அம்மா என்ன விரும்புறா. இந்த ஐந்துக்குள்ள ப்ரொஸ்ஸிமொ, இம்பெர்ஃபெத்தொ, எதிர்காலம், கொந்தித்ஸியொனாலெ, கொன்ஜுன்தீவொ எல்லாம் தானாக வந்திடும். எனக்கு 2018க்குப் பிறகு குடியுரிமைக்கு பி1 (நடுத்தர நிலை) மொழிச் சான்றிதழ் கட்டாயம் என்று வந்தபோது இப்படித்தான் சமைக்கேக்க சமைக்கேக்க படிச்சனான். வெங்காயம் வெட்டிக்கொண்டு ‘நான் வெட்டியிருப்பேன், நீ வெட்ட வேணும்’ என்று. வீட்டில் எல்லாரும் பயந்து போச்சினம்.

#24 · சேலத்து_நிலா

மூன்று நாள் கழித்து வருகிறேன். அட்டவணையைக் கழற்றிவிட்டேன், அந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்து வந்துவிட்டது, அப்பா திட்டினார். வினை: பேரெ, குடி. திருத்துங்கள்.

இயேரி ஓ பெவூத்தொ த்ரே கஃபே. (நேற்று மூன்று காபி குடித்தேன்.)
த பம்பீன பெவேவொ ஸோலொ லாத்தெ. (சின்ன வயதில் பால்தான் குடிப்பேன்.)
தொமானி பெரோ மேனொ. (நாளைக்குக் குறைவாகக் குடிப்பேன்.)
ஸெ ஃபொஸ்ஸி அ தொரீனொ, பெர்ரேய் உன் எஸ்ப்ரெஸ்ஸொ. (இப்போது தூரினில் இருந்தால் ஒரு எஸ்ப்ரெஸ்ஸோ குடிப்பேன்.)
மிய மாத்ரெ வுஓலெ கெ ஈயொ பேவ லாத்தெ. (நான் பால் குடிக்க வேண்டும் என்கிறார் அம்மா.)

#25 · பலெர்மோ_ரதி

நாலு பத்துக்குப் பத்து. ‘குடிப்பேன்’ மூன்று தரம் வந்தும் ‘பெவேவொ’வைச் சரியாகப் பிடிச்சிருக்கிறாய், முத்து அண்ணா விழுந்த பள்ளத்தில் விழேல்லை. மூன்றாவதில் ஒரு ‘ர்’ விட்டுப்போச்சு: பெர்ரோ. நாலாவதில் பெர்ரேய் சரியாக எழுதியிருக்கிறாய், அதே அடிதான்.

பெவேவொ, பேவ எல்லாம் எங்கயிருந்து வருது என்று யோசிச்சியா? பேரெ முந்தி பேவெரெ. பழைய அடி மற்றக் காலங்களுக்குள்ள ஒளிச்சிருக்கு. ஃபாரெ (செய்) – ஃபச்சேவொ, தீரெ (சொல்) – திச்சேவொ, இதுகளும் அப்படித்தான்.

வீட்டுக்கார அம்மாவுக்குத் திரும்ப எடுத்தியா?

#26 · சேலத்து_நிலா

எடுத்தேன் அக்கா! ‘அர்ரீவொ அ ஸெத்தேம்ப்ரெ’ என்றேன், புரிந்துகொண்டார். எட்டு நிமிஷம் பேசினேன். ஸெகோந்தொ மே நான்கு முறை. கடைசியில் வைக்கும்போது நம் வழக்கப்படி ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்ல நினைத்து “வாதொ எ தோர்னொ” என்றேன். அவர் “வ பேனெ, அஸ்பேத்தொ” என்றார். சரி, காத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? செப்டம்பர் வரை காத்திருக்கிறேன் என்கிறார் போல, எவ்வளவு பாசம்.

#27 · பலெர்மோ_ரதி

ஐயோ பிள்ளை. வாதொ எ தோர்னொ என்றால் ‘ஒரு நிமிசம், இதோ வந்திடுறன்’. அந்த மனுசி போனைக் காதில் வைச்சபடி நிற்கிறா. உடனே எடு!